தண்ணீரில் ஒரு திருவிருந்து

எங்கள் ஊர்ச் சபையில் ‘லிபரல்’ என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். வெளியூர்ப் போதகர் யாராவது வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போன ஞாயிறுகளில், ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நிற்கும் பெரியவர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். “ஐயா நல்லாத்தான் பேசுறாரு. ஆனா கொஞ்சம் லிபரல்.” அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். யோனாவை மீன் விழுங்கியதை அப்படியே நம்பாதவர், செங்கடல் பிளந்ததற்குக் காற்றைக் காரணம் காட்டுபவர், படித்துப் படித்து விசுவாசம் வற்றிப்போனவர், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். தாராளவாத இறையியல் என்றால் திராட்சரசத்தில் தண்ணீர் ஊற்றுவது. காலத்துக்குப் பயந்து பிடியை ஒவ்வொன்றாக விட்டுவிடுவது.

அந்த எண்ணத்தை அசைத்தது ஒரு கடிதம். பதினெட்டு வயதுப் பையன் தன் அப்பாவுக்கு எழுதியது. தேதி 1787 ஜனவரி 21.

பையனின் பெயர் ஃபிரெட்ரிக் ஷ்லையர்மாகர். தாராளவாத இறையியலின் தந்தை என்று பின்னாளில் அழைக்கப்பட்டவர். பிரெஸ்லாவ் நகரில் 1768-இல் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அப்பா பிரஷ்யப் படையில் போதகர். மொரேவியர் என்றும் அழைக்கப்படும் ஹெர்ன்ஹூட் சகோதரர் சபையின் பக்தியில் மனம் கரைந்து, பிள்ளைகளை அவர்களுடைய பள்ளியிலேயே விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார். 1783-இல் பையன் நீஸ்கியில் இருந்த அந்தப் பள்ளியில் சேர்ந்தான். அதன்பிறகு அம்மாவை அவன் பார்க்கவேயில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து, எல்பே நதிக்கரையில் பார்பி என்ற ஊரில் சகோதரர்கள் நடத்திய இறையியல் பள்ளிக்குப் போனான்.

ஹெர்ன்ஹூட் என்றால் நமக்குத் தொலைதூரப் பெயர். ஆனால் அதன் வேர் நம் கடற்கரையைத் தொட்டுப் போயிருக்கிறது. அந்தச் சபையை உருவாக்கிய சின்சென்டார்ஃப் பிரபு சிறுவயதில் ஹாலே நகரில் ஃபிராங்கே என்ற இறையியலாளரின் பள்ளியில் படித்தவர். அங்கே ஃபிராங்கேயின் சாப்பாட்டு மேசையில் தரங்கம்பாடியிலிருந்து திரும்பி வந்த மிஷனரிகளின் கதைகளைக் கேட்டுத்தான் மிஷன் ஆசை அவருக்குப் பற்றியது. தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716-இல் அச்சேறியது அதே ஹாலேயில். பிற்பாடு 1760-இல் சின்சென்டார்ஃபின் சகோதரர்களே தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் அமைத்துத் தங்கினார்கள். இரட்சகரின் காயங்களை நினைத்துக் கண்ணீர் விடுவது, பாட்டிலே உருகுவது, கர்த்தரோடு தனித்துப் பேசுவது என்று நம் கூடங்களில் பாட்டிமார்கள் செய்ததெல்லாம் பார்பியின் மாணவர்களுக்கும் அன்றாடப் பழக்கம். ஷ்லையர்மாகர் வளர்ந்த வீடு நமக்குத் தெரியாத வீடு அல்ல.

அந்தப் பள்ளியில் கேள்விகளுக்கு இடமில்லை. வெளியே ஜெர்மனி கேள்விகளால் கொதித்துக்கொண்டிருந்தது. ரைமாருஸ் என்ற ஹாம்பர்க் ஆசிரியர், இயேசுவின் வரலாற்றை ஈவிரக்கமில்லாமல் அலசி ஒரு கையெழுத்துப் பிரதியை எழுதி, உயிரோடிருந்த வரை வெளியிடத் துணியாமல் 1768-இல் இறந்துபோனார். எழுத்தாளர் லெஸ்ஸிங் அதன் பகுதிகளைப் பெயர் சொல்லாமல் 1774 முதல் வெளியிட்டார். பிறகு அவரே இன்னும் கடினமான ஒன்றைச் சொன்னார்: என்றோ நடந்த வரலாற்றுச் சம்பவத்துக்கும் என்றைக்கும் நிற்கும் உண்மைக்கும் நடுவே அகலமான, அவலட்சணமான ஒரு பள்ளம் இருக்கிறது, எத்தனை முயன்றும் அதைத் தாண்ட என்னால் முடியவில்லை. 1781-இல் கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து தத்துவஞானி கான்ட் எழுதிய பெரிய நூல் வந்தது. கடவுள் இருக்கிறார் என்று தர்க்கத்தால் நிறுவிய பழைய நிரூபணங்கள் எவையும் நிற்காது என்று அது காட்டியது. பார்பியில் மாணவர் சிலர் ஆசிரியர்களுக்குத் தெரியாமல் ஒன்றுகூடி கான்ட்டையும் கோத்தேயையும் படித்தார்கள். ‘எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று எங்களுக்குக் காட்டாமலே அது தவறு என்கிறார்கள்’ என்று பையன் அப்பாவுக்கு நாசூக்காக எழுதிப் பார்த்தான். நன்மை தீமை அறியத்தக்க மரத்தின் பக்கம் போகாதே என்று அப்பா பதில் போட்டார்.

அதன்பிறகுதான் அந்த ஜனவரிக் கடிதம். தன்னை மனுஷகுமாரன் என்று மட்டுமே அழைத்துக்கொண்டவர் நித்தியமான மெய்த்தேவன் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று எழுதினான். அவருடைய மரணம் நமக்குப் பதிலாகச் செலுத்தப்பட்ட பரிகாரம் என்றும் நம்ப முடியவில்லை, ஏனென்றால் அவரே அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. மனிதரைப் பூரணராகப் படைக்காமல் பூரணத்தை நாடும்படியாகப் படைத்த தேவன், அவர்கள் பூரணராக இல்லை என்பதற்காக என்றென்றைக்கும் தண்டிப்பாரா?

இதை எழுதும்போது அவன் அழுதிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். வெற்றி பெற்றவனின் தொனி அந்தக் கடிதத்தில் எங்குமில்லை. அப்பாவின் மனம் உடையும் என்று தெரிந்தே, பொய் சொல்ல மட்டும் முடியாத ஒருவனின் தொனி.

அப்பாவின் பதிலை நம்மில் யாரும் வேத வாசனையோடுதான் கேட்க முடியும். புத்தியில்லாத மகனே, நீ சத்தியத்துக்குக் கீழ்ப்படியாமற்போகத்தக்கதாக உன்னை மயக்கினவன் யார்? கலாத்தியர் 3-ஆம் அதிகாரம், முதல் வசனம். பவுல் ஒரு சபைக்கு எழுதியதை அப்பா மகனுக்கு எழுதினார். அந்த வசனத்தைச் சிறுவயதில் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு தகப்பனின் வாயிலிருந்து அது தன் பிள்ளைமேல் விழும் என்று அப்போது நினைத்ததில்லை.

உறவு அதோடு அறுந்துவிடவில்லை. மகன் ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்க அப்பா மனமில்லாமல் சம்மதித்தார். அங்கே ஒரு மாமாவின் வீட்டில் தங்க ஏற்பாடாயிற்று. சில மாதம் கழித்து அப்பா எழுதிய இன்னொரு கடிதம்தான் என்னை நிலைகுலைய வைத்தது. தானும் ஒரு காலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் உண்மையில் அவிசுவாசியாகவே பிரசங்க மேடை ஏறியதாக அதில் ஒப்புக்கொள்கிறார். மகன் வாய்திறந்து சொன்னதை அப்பா பன்னிரண்டு வருடம் அங்கிக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். பிற்பாடு தாராளவாத இறையியல் என்று பெயர் பெற்றதன் முழு வரலாற்றையும் இந்த இரண்டு பேருக்கு நடுவே நான் பார்க்கிறேன். சந்தேகம் இருவருக்கும் வந்தது. மகன் அதைக் கடிதத்தில் எழுதி, அதற்கான விலையையும் கொடுத்தான்.

1796-இல் ஷ்லையர்மாகர் பெர்லினுக்கு வந்தார். சாரிட்டே மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் போதகர் வேலை. பகலில் ஏழைகளின் படுக்கைகளுக்கு நடுவே ஜெபம். மாலையில் ஹென்ரியெட் ஹெர்ட்ஸ் என்ற யூதப் பெண்மணியின் வீட்டு வரவேற்பறை. கான்ட்டிடம் படித்த மருத்துவர் மார்க்குஸ் ஹெர்ட்ஸின் மனைவி அவர். நகரத்தின் இளம் எழுத்தாளர்கள், பிரபுக்கள், விஞ்ஞான ஆர்வலர்கள் எல்லாரும் கூடும் இடம் அது. அந்த நாட்களில்தான் இளம் எழுத்தாளர் ஃபிரெட்ரிக் ஷ்லேகல் அறிமுகமானார். 1797 நவம்பர் 21, ஷ்லையர்மாகரின் பிறந்தநாள் காலையில் நண்பர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அவர் அறைக்குள் நுழைந்தார்கள். இருபத்தொன்பது வயதாகிவிட்டது, இன்னும் ஒன்றும் எழுதவில்லையே என்று எல்லாரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு, ஒரு புத்தகம் எழுதுவேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். ஹெர்ன்ஹூட் சகோதரிகளோடு வாழ்ந்த தன் அக்கா ஷார்லட்டுக்கு அவர் இதை மகிழ்ச்சியோடு எழுதினார். அடுத்த மாதமே ஷ்லேகல் அவரோடு ஒரே வீட்டில் குடியேறினார்.

இந்த இளைஞர் கூட்டத்தைத்தான் ஜெர்மானிய ரொமான்டிக்குகள் என்கிறோம். ‘ரொமான்டிக்’ என்றதும் நம் மனதில் காதல்பாட்டு வந்து நிற்கும். அவர்கள் சொன்னது வேறு. பகுத்தறிவையே அளவுகோலாகக் கொண்ட அறிவொளிக் காலம் உலகத்தை ஒரு கடிகாரம்போலப் பிரித்துப் போட்டிருந்தது. அவர்களுக்கு உலகம் உயிருள்ள ஒன்றாகத் தெரிந்தது. ஒரு விதைக்குள் மரம் இருப்பதுபோல எல்லைக்குட்பட்ட ஒவ்வொன்றுக்குள்ளும் எல்லையற்றது இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு மனிதரும் திரும்ப வராத ஒரே ஒரு வடிவம் என்றார்கள். ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் 1656-இல் தள்ளிவைத்த தத்துவஞானி ஸ்பினோசாவை, நாத்திகன் என்று ஒரு நூற்றாண்டு தூற்றப்பட்ட ஸ்பினோசாவை, இவர்கள் பக்தியோடு படித்தார்கள்.

இந்த நண்பர்களுக்குத் தன் போதகர் வேலைதான் புரியவில்லை என்பது ஷ்லையர்மாகருக்குத் தெரியும். கவிதை, தத்துவம், நட்பு எல்லாம் சரி, சபை எதற்கு? அவர்களுடைய அழகான வீடுகளில் ஞானிகளின் மொழிகளும் கவிஞர்களின் பாடல்களும்தான் குலதெய்வம். அவர்களுக்காகவே அவர் அந்தப் புத்தகத்தை எழுதினார். 1799-இன் தொடக்கத்தில் பாட்ஸ்டாமில் தற்காலிகமாக வேலை பார்த்த சில வாரங்களில் பெரும்பகுதி முடிந்தது. பெயர் போடாமல் வெளிவந்தது. ‘சமயத்தைப் பற்றி: அதை இகழும் பண்பட்டவர்களுக்குச் சில உரைகள்.’

அதன் வாதம் எளிமையானது. நீங்கள் வெறுப்பது சமயத்தையே அல்ல, அதன் சக்கையை, என்கிறார். சமயம் என்றால் உலகம் எப்படி உண்டாயிற்று என்று சொல்லும் அரைகுறை விஞ்ஞானம் என்று நினைத்தீர்கள். அல்லது ஒழுக்கத்துக்குக் காவல் நிற்கும் போலீஸ் என்று நினைத்தீர்கள். முதலாவது பழைய வைதிகக் கிறிஸ்தவர்கள் செய்த தவறு, இரண்டாவது கான்ட் செய்த தவறு. சமயத்தின் சாரம் சிந்தனையும் அல்ல, செயலும் அல்ல. அது காட்சியும் உணர்வும். எல்லையற்றதன்மீது ஒரு புலன், அதன் சுவை.

சுவை என்ற சொல்லை அவரே பயன்படுத்துகிறார். மாங்காய் புளிக்கும் என்பதை ஒருவருக்கு நிரூபித்துக் காட்ட முடியாது. நாக்கில் வைத்தால்தான் உண்டு. கடவுளைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது என்று கான்ட் கதவைச் சாத்திய பிறகு, இவர் அந்த வாசலில் நின்று மல்லுக்கட்டவில்லை. வீட்டுக்கு வேறொரு வாசல் ஆதியிலிருந்தே திறந்திருக்கிறது என்று காட்டினார். பார்பியில் கண்ணீரோடு பாடியபோது அவர் நுழைந்த வாசல்தான் அது. 1802-இல் அக்கா வாழ்ந்த க்னாடன்ஃப்ரை ஊருக்குப் போயிருந்தபோது நண்பருக்கு எழுதினார்: எல்லாம் கடந்து வந்த பிறகு நான் மறுபடியும் ஹெர்ன்ஹூட்காரன் ஆகிவிட்டேன், கொஞ்சம் உயர்ந்த வகுப்பில்.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரைப் பற்றிய தவறான புரிதல்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அவருடைய ஜெர்மன் சொல் ‘கெஃப்யூல்’. ஆங்கிலத்தில் ‘ஃபீலிங்’ என்று போனது. உடனே எல்லாரும் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். பாட்டுக் கேட்டால் புல்லரிப்பது, ஜெபத்தில் அழுகை வருவது. தமிழுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. உணர்ச்சி வேறு, உணர்வு வேறு. உணர்ச்சி வரும், போகும். உணர்வு இருப்பது. மயக்கமடைந்தவர் கண் விழித்தால் ‘உணர்வு வந்துவிட்டது’ என்கிறோம். அழுதார் என்றோ சிரித்தார் என்றோ அதற்குப் பொருளில்லை. ஷ்லையர்மாகர் பேசியது இதற்கு நெருக்கமான ஒன்றைப் பற்றி.

1821-இல் வெளிவரத் தொடங்கி, 1830-இல் திருத்தி எழுதப்பட்ட தன் பெரிய நூலான ‘கிறிஸ்தவ விசுவாச’த்தில் இதைப் படிப்படியாக விளக்குகிறார். உலகத்தில் எதோடு நமக்கு உறவிருந்தாலும் அது கொடுக்கல் வாங்கல்தான். பிள்ளை பெற்றோரைச் சார்ந்திருக்கிறது, பெற்றோரும் பிள்ளையால் மாறுகிறார்கள். குடிமகன் நாட்டைச் சார்ந்திருக்கிறான், நாட்டின்மேல் அவனுக்கும் கொஞ்சம் பாதிப்பு உண்டு. வானத்துக் கோள்கள்மீதுகூட நமக்கு அணுவளவு எதிர்விளைவு உண்டு என்கிறார். ஆக எங்கும் பாதி சார்பு, பாதி சுதந்திரம். ஆனால் அந்தச் சுதந்திரமே எங்கிருந்து வந்தது? இன்று காலை எழுந்திருப்பதா வேண்டாமா என்பது என் விருப்பம். விரும்பத் தெரிந்த ஓர் உயிராக நான் இருப்பது என் விருப்பத்தால் ஆனதில்லை. என் இருப்பும் என் விருப்பமும் சேர்ந்தே வேறெங்கிருந்தோ எனக்கு வந்திருக்கின்றன. இந்த உணர்வைத்தான் முற்றுமுழுதான சார்புணர்வு என்றார். கடவுள் என்ற சொல்லுக்கு முதல் பொருள், அந்த ‘எங்கிருந்தோ’. ‘அவருக்குள் நாம் பிழைக்கிறோம், அசைகிறோம், இருக்கிறோம்’ என்று அத்தேனே பட்டணத்தில் பவுல் சொன்னதை நான் முதல்முறையாகப் புரிந்துகொண்டது இந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் படிக்கும்போது பூனைக்குட்டி நினைவுக்கு வரும். தாய் கவ்விக்கொண்டு போகும்போது குட்டி சும்மா இருப்பதுபோலச் சரணடைவது என்று தென்கலை வைணவம் சொல்லுமே, அது. ஷ்லையர்மாகரின் உரைகளை 1899-இல் மறுபதிப்புச் செய்து மீட்டெடுத்த ஜெர்மானிய இறையியலாளர் ரூடால்ஃப் ஓட்டோவும் பிற்காலத்தில் தென்கலை, வடகலைக் கருத்துகளைக் கிறிஸ்தவக் கிருபையோடு வைத்து ஒரு நூல் எழுதினார். ஆனால் ஷ்லையர்மாகருடைய சார்பு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்வதில்லை. செயல்படும் வலிமையே கொடுக்கப்பட்டது என்று அறிவது அது. அதை அறிந்தவர் அதிகமாகவே செயல்படுவார். அவர் வாழ்க்கையே சாட்சி. 1810-இல் பெர்லின் பல்கலைக்கழகம் தொடங்கியபோது இறையியல் துறையின் முதல் தலைவர். பிளேட்டோவை ஜெர்மனில் கொண்டுவந்தவர். திரித்துவத் தேவாலயத்தில் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் பிரசங்கி. பின்னாளில் ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க்குக்குப் பதினாறு வயதில், 1831-இல் திடப்படுத்தல் கொடுத்தவரும் அவர்தான்.

கோட்பாடுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அவற்றை அவர் தூக்கி எறியவில்லை. கிறிஸ்தவர்களின் பக்தி உணர்வு பேச்சில் வெளிப்பட்ட வடிவமே கோட்பாடு என்றார். எல்லாச் சமயத்துக்கும் பொதுவான ஒரு மெல்லிய ‘இயற்கைச் சமயம்’ போதும் என்று அறிவொளிக்காரர்கள் சொன்னதை அவர் ஏற்கவேயில்லை. சமயம் என்றாலே ஒரு குறிப்பிட்ட வரலாற்றில், ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில்தான் உயிரோடிருக்கும் என்று 1799 நூலின் ஐந்தாம் உரையில் வாதாடுகிறார். கிறிஸ்துவிடம் கடவுளுணர்வு ஒரு கணமும் மங்காமல் இருந்தது, அவருடைய கூட்டத்தில் சேர்பவருக்கு அது தொற்றுகிறது, அதுவே மீட்பு. திரித்துவத்தை மட்டும் நூலின் கடைசியில் வைத்தார். அதை வைத்தே எத்தனையோ பேர் அவரைத் தீர்த்துக்கட்டினார்கள்.

கூர்மையான அடி தத்துவஞானி ஹேகலிடமிருந்து வந்தது. இருவரும் ஒரே பல்கலைக்கழகம், பேச்சுவார்த்தை சுமுகமில்லை. ஹேகல் அறிவியல் கழகத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டவர் ஷ்லையர்மாகர். 1822-இல் மாணவர் ஒருவரின் நூலுக்கு எழுதிய முன்னுரையில் ஹேகல் சொன்னார்: சார்புணர்வுதான் சமயம் என்றால் நாயே மிகச் சிறந்த கிறிஸ்தவன், எலும்பு கிடைத்தால் அதற்கு மீட்பின் உணர்வுகூட வருமே. இது ஷ்லையர்மாகர் சொன்னதற்குப் பதிலே இல்லை. நாய்க்குத் தன் சுதந்திரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுவதில்லை. 1841-இல் ஃபாயர்பாக் என்ற தத்துவஞானி கேட்டதுதான் வலிக்கும் கேள்வி. அவர் இருவரிடமும் படித்தவர். கடவுளை அறியும் கருவி உணர்வு என்றால், கடவுள் என்று நீங்கள் சொல்வது உங்கள் உணர்வின் நிழலைத்தானே? இந்தக் கேள்வி இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாத இரவுகள் உண்டு. ‘எங்கிருந்தோ’ என்பது வெளியே இருக்கிறதா, உள்ளிருந்து நானே எறிந்த கல்லா?

அதற்கு ஷ்லையர்மாகர் எழுதி வைத்த பதில்களைவிட, அவர் ஒரு பிற்பகலில் நின்ற விதமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அவருக்கு ஒரே மகன், நத்தானியேல். 1829-இல் ஒன்பது வயதில் திடீர் நோயில் இறந்துபோனான். நவம்பர் 1 அன்று கல்லறையில் அப்பாவே பேசினார். வழக்கமான ஆறுதல்கள் தனக்கு உதவவில்லை என்று அங்கே வெளிப்படையாகச் சொன்னார். பிள்ளை இந்த உலகத்தின் ஆபத்துகளுக்குத் தப்பிவிட்டது என்கிறார்கள். இந்த உலகம் இரட்சகரின் வாழ்வால் மகிமை பெற்றது, அதில் வாழ்வதை நான் ஆபத்தாகப் பார்க்கவில்லை என்றார். பரலோகத்தில் மறுபடி சேர்வோம் என்று விதவிதமாகப் படம் வரைகிறார்கள். கறாராகச் சிந்தித்துப் பழகிய எனக்கு அந்தப் படங்கள் பதிலில்லாத ஆயிரம் கேள்விகளை எழுப்புகின்றன என்றார். எனக்கு மிஞ்சுவது வேதத்தின் எளிய வார்த்தை மட்டும்: ‘இனி எவ்விதமாயிருப்போமென்று இன்னும் வெளிப்படவில்லை.’ பிறகு கர்த்தரின் ஜெபம்: பிதாவே, நீர் எனக்குத் தந்தவர்கள் நான் இருக்கும் இடத்தில் என்னோடு இருக்க விரும்புகிறேன்.

எங்கள் அக்கா வீட்டில் ஆறு வயதுப் பையன் காய்ச்சலில் போனபோது, பந்தலில் நின்று பேசியவர் கர்த்தர் தோட்டத்தில் நல்ல பூவைத்தான் முதலில் பறிப்பார் என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். அக்கா எழுந்து அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அதன்பிறகு மாதக்கணக்கில் ஆலயத்துக்கு வரவில்லை. விசுவாசம் குறைந்துபோயிற்று என்று சபையில் பேசிக்கொண்டார்கள். பல வருடம் கழித்து அந்தக் கல்லறைப் பிரசங்கத்தை நான் அவளுக்குத் தமிழில் சொல்லிக் கேட்கவைத்தேன். இரண்டாவது முறை சொல்லு என்றாள். சொன்னேன். “இவரு உண்மையச் சொல்றாரு” என்றாள். ‘இன்னும் வெளிப்படவில்லை’ என்ற வசனத்தைத் தன் வேதாகமத்தில் அடிக்கோடிட்டு வைத்தாள்.

இதைச் சொன்ன கையோடு, மறைக்கக் கூடாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் உரையில் யூத சமயத்தை வெகுகாலமாகச் செத்துப்போன சமயம் என்று எழுதியவரும் இவரே. ஹென்ரியெட் ஹெர்ட்ஸின் வீட்டோடு நெருங்கிப் பழகிய அதே காலத்தில் அதை எழுதினார். யூதருக்கு ஞானஸ்நானம் இல்லாமலே குடியுரிமை கொடுக்க வேண்டும் என்று அதே 1799-இல் வாதாடியது உண்மை. ஆனால் பழைய ஏற்பாட்டைப் புதிய ஏற்பாட்டுக்குச் சமமாக வைக்க அவர் கடைசிவரை ஒப்பவில்லை. இந்த விதை பின்னால் என்ன மரமாயிற்று என்பதை ஜெர்மனியின் வரலாறு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1813-இல் நெப்போலியனுக்கு எதிராகக் கிளம்பிய மாணவர்கள் துப்பாக்கிகளை ஆலயச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து அவர் பிரசங்கத்தைக் கேட்டார்கள். நாட்டுப்பற்றும் கடவுளுணர்வும் அங்கே ஒன்றோடொன்று கலந்து ஒலித்தன.

ஒரு நூற்றாண்டு கழித்து அந்தக் கலவை முற்றியது. 1899-1900 குளிர்காலத்தில் பெர்லினில் இறையியல் பேராசிரியர் அடால்ஃப் ஹார்னாக் கிறிஸ்தவத்தின் சாரத்தைப் பற்றிச் சுமார் 600 மாணவர்களுக்கு உரையாற்றினார். தேவனின் ராஜ்யம், தகப்பனாகிய தேவன், மனித ஆத்துமாவின் அளவில்லாத மதிப்பு, அன்பின் கட்டளை. அழகான உரைகள். தாராளவாத இறையியலின் உச்சி அது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது ஜெர்மன் பேரரசர் கைசர் தன் மக்களுக்கு விடுத்த அழைப்பை எழுதிக்கொடுத்தவர்களில் அதே ஹார்னாக் உண்டு. அக்டோபரில் போரை நியாயப்படுத்தி 93 அறிவாளிகள் விட்ட அறிக்கையிலும் அவர் கையெழுத்து. சுவிட்சர்லாந்தில் சாஃபன்வீல் என்ற சிற்றூரின் போதகர் கார்ல் பார்த், தன் ஆசிரியர்களின் பெயர்களை அந்தப் பட்டியலில் பார்த்தார். இவர்கள் கற்பித்த இறையியலில் ஏதோ அடியோடு தவறு என்று ரோமர் நிருபத்தைக் கையில் எடுத்தார். கடவுள் நம் உணர்வின் ஆழத்தில் இல்லை, நமக்கு முற்றிலும் எதிரே நின்று பேசுகிறார் என்று எழுதினார்.

பார்த் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன், அந்த ஆண்டுக்கு. உணர்வை நம்பினால் கூட்டத்தின் கோஷமும் கடவுளின் குரல்போலக் கேட்கும். ஆனால் வசனத்தை மட்டும் கையில் வைத்திருந்தவர்களும் அதே போரில் அதே பீரங்கிகளை ஆசீர்வதித்தார்கள். வைதிகம் ஒருவரையும் காப்பாற்றவில்லை. பார்த்தே இறுதிவரை ஷ்லையர்மாகரை விட்டு விலக முடியாமல் அவரோடு வழக்காடிக்கொண்டிருந்தார். இறந்த 1968-ஆம் ஆண்டிலும் அவரைப் பற்றி எழுதினார், தான் அவரைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்ற கேள்வியோடு. அந்தக் கேள்வியைப் படித்தபோது பார்த்மேல் எனக்கிருந்த மரியாதை இரட்டிப்பாயிற்று.

1829-இல், மகன் இறந்த அதே ஆண்டில், நண்பர் ல்யூக்கேவுக்கு எழுதிய திறந்த கடிதத்தில் ஷ்லையர்மாகர் கேட்டார்: வரலாற்றின் முடிச்சு இப்படியா அவிழ வேண்டும், கிறிஸ்தவம் காட்டுமிராண்டித்தனத்தோடும் அறிவு அவிசுவாசத்தோடும் போய்ச் சேரும்படி? பார்பியின் பையன் கேட்ட அதே கேள்வி. படித்த பிள்ளைகள் ஆலய வாசலில் அறிவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று எதிர்பார்க்கிற எந்தச் சபைக்கும் அது இன்னும் தபாலில் வந்துகொண்டிருக்கும் கடிதம்தான்.

1834 பிப்ரவரியில் அவருக்கு நுரையீரல் அழற்சி கண்டது. 12-ஆம் தேதி காலை, முடிவு நெருங்குவதை உணர்ந்து, வீட்டார் எல்லாரோடும் திருவிருந்து எடுக்க வேண்டும் என்றார். நடந்ததை மனைவி எழுதி வைத்திருக்கிறார். மருத்துவர் அவருக்குத் திராட்சரசம் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் மற்றவர்களுக்குத் திராட்சரசமும் தனக்குத் தண்ணீரும் கொண்டுவரச் செய்தார். செத்த எழுத்தை நான் ஒருபோதும் பற்றிக்கொண்டதில்லை என்றார். அடுத்த வார்த்தைகள்: இயேசு கிறிஸ்துவின் ஒப்புரவாக்கும் மரணம், அவருடைய சரீரம், அவருடைய இரத்தம் நமக்கு உண்டு. நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு, நம்ப முடியவில்லை என்று எழுதிய அதே மரணம். படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, திருவிருந்தை ஏற்படுத்தியபோது இயேசு சொன்ன வார்த்தைகளைத் தானே சொல்லி, முதலில் மனைவிக்கும் பிறகு மற்றவர்களுக்கும் அப்பமும் ரசமும் கொடுத்தார். கடைசியாகத் தானும் அப்பம் எடுத்துக்கொண்டு, தண்ணீர்க் கோப்பையைக் குடித்தார். சிறிது நேரத்தில் மூச்சு நின்றது.